நாலு பேர் போதும்: ஜெர்மன் படிக்கும் நர்ஸ்களுக்கு

"பி2 முடிச்சிடு, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்." ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக நினைக்கிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஜெர்மன் மொழிப் படிப்பில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிகள் உண்டு, பி2 அதில் நாலாவது. சொல்கிறவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அடிப்படையிலிருந்து பி2 நிலை வரை போவதற்கு 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்துகிற கோத்தே இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்கு. காலை, மாலை, இரவு என்று மாறி மாறி டூட்டி பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் ஆஃப் வாங்குகிற ஒருவருக்கு அது ஒன்றேகால், ஒன்றரை வருடத்து வேலை.

அந்த ஒன்றரை வருடமும் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான் பெரிய சிக்கல். ஆஸ்பத்திரியில் தெரிந்தால் "போகப்போகிறவள்தானே" என்று டூட்டி சார்ட்டில் கை வைப்பார்கள். வீட்டில் சொன்னால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை "இன்னுமா முடியல?" என்று கேட்பார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பார்கள். நான் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படித்தவள். எனக்குத் தைரியம் கொடுத்தது ஃபோனுக்குள் இருந்த மூன்று பேர். அப்போது ஒருவர் முகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை.

இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஆயிரம் இடம் இருக்கிறது. டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பி1 வரைக்கும் இலவசமாகவே படிக்கலாம். நான் எழுதப்போவது அந்த மூன்று பேரை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பின் எப்படி விடாமல் வைத்துக்கொள்வது என்பதை மட்டும்.

பெரிய குழுவில் முதலில் சும்மா இருங்கள்

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஜெர்மன் படிக்கிறவர்களின் குழுக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆயிரம் பேர், ஐயாயிரம் பேர் இருப்பார்கள். ஒன்றிரண்டில் சேருங்கள், போதும். சேர்வதற்கு முன்னால் ஒரு வேலை: டெலிகிராம் செட்டிங்கில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், உங்கள் ஃபோன் நம்பரை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நம்பர் தெரியத்தான் செய்யும். அதனால் அறிமுகமில்லாதவர்களோடு பழக டெலிகிராமே மேல்.

சேர்ந்ததும் இரண்டு வாரம் வாயைத் திறக்காதீர்கள். தேர்வுத் தேதி எப்போது திறக்கிறது, எந்த மையத்தில் இடம் கிடைக்கிறது மாதிரியான தகவலுக்குப் பெரிய குழு நல்லது. தைரியம் அங்கே கிடைக்காது. தினமும் காலையில் சூரிய உதயப் படத்தோடு ஒரு பொன்மொழி வரும், அதற்கு நாற்பது கைகூப்பு வரும். யாராவது "இன்னைக்கு என்னால முடியல" என்று எழுதினால், அடுத்த செய்தி யாரோ ஒருவருடைய விசா ஸ்டிக்கர் படமாக இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் ஆட்களைக் கவனியுங்கள். யார் கேட்கிற கேள்வியில் தெளிவு இருக்கிறது? யார் அடுத்தவர் சந்தேகத்துக்கு நேரம் ஒதுக்கிப் பதில் எழுதுகிறார்? முக்கியமாக, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று யார் சொல்கிறார்? அப்படிப்பட்டவர்கள் ஆயிரத்தில் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். நமக்கு மூன்று பேர்தான் வேண்டும்.

உங்கள் நிலையிலேயே இருக்கிற இரண்டு பேர், ஒரு படி மேலே இருக்கிற ஒருவர் என்று அமைந்தால் உங்களோடு சேர்த்து நாலு. ரொம்ப மேலே போய்விட்டவர் வேண்டாம். ஜெர்மனி போய் ஐந்து வருடமானவருக்கு ஏ2 படித்த காலத்து வலி மறந்திருக்கும். போன மாதம் பி1 முடித்தவருக்குத்தான் காயம் ஆறாமல் இருக்கும், அவர்தான் சரியாகச் சொல்வார்.

மலையாளத் தோழி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இந்தக் குழுக்களில் கேரள நர்ஸ்கள் நிறையப் பேர். வெளிநாடு வாழ் மலையாளிகளுக்காக அவர்கள் மாநில அரசு நடத்துகிற நோர்கா அமைப்பு 2021 டிசம்பரிலேயே ஜெர்மனியோடு நர்ஸ்களை அனுப்ப ஒப்பந்தம் போட்டுவிட்டது. தமிழ் தெரிந்த தோழியோடு பேசினால் பத்தாவது நொடியில் தமிழுக்குத் தாவிவிடுவோம். மலையாளத் தோழியோடு பேசும்போது அந்த வசதி கிடையாது, தடுமாறியாவது ஜெர்மனில் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னை பி1 பேச்சுத் தேர்வில் கரை சேர்த்தது கோட்டயத்துப் பெண் ஒருத்தி.

முதல் செய்தியில் என்ன எழுதுவது

"ஹாய் சிஸ்டர், ஃப்ரெண்ட்ஸா இருக்கலாமா" என்று எழுதினால் பதில் வராது. வந்தாலும் அது வம்பாகத்தான் முடியும். உங்கள் நிலை என்ன, எதற்கு ஆள் தேவை, எந்த நேரம், உங்கள் குறை என்ன என்ற நாலையும் சொல்லுங்கள். நான் அனுப்பியது இப்படி இருந்தது:

"வணக்கம். ஏ2 முடித்துவிட்டேன், பி1 பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறேன். வாரத்தில் மூன்று நாள் இரவு 9.30க்கு 20 நிமிடம் பேசிப் பழக ஒருவர் தேவை. நைட் டூட்டி வாரத்தில் வர முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுவேன். என் குறை: வேகமாகப் பேசும்போது வினைச்சொல்லைத் தொலைத்துவிடுவேன்."

கடைசி வரிதான் வேலை செய்தது. குறையைச் சொல்கிறவரிடம் எதிராளியும் தன் குறையைக் கூச்சப்படாமல் சொல்வார். ஆறு பேருக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், ஒருவர் இரண்டாம் வாரமே காணாமல் போனார். இது வழக்கம்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வினைச்சொல்லைப் பற்றி ஒரு சின்ன ஆறுதல். 'வைல்' என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் ஜெர்மன்காரர்கள் வினையைக் கொண்டுபோய் வாக்கியத்தின் கடைசியில் வைப்பார்கள். இங்கிலீஷ் வழியாக யோசிப்பவர்களுக்கு அது தலைவலி. நமக்கு அது ஊர்ப் பழக்கம், தமிழில் நாம் வேறெப்படிப் பேசுகிறோம்? எனக்கு இதை எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு வாய்ஸ் மெசேஜில் ஒரு தோழி கண்டுபிடித்துச் சொன்னாள்.

பேச்சு மட்டும் போதாது, சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும்

வெறும் ஆறுதல் பேச்சில் தொடங்குகிற நட்பு மூன்று வாரம் தாங்கும். "கஷ்டமா இருக்கு", "எனக்கும்தான்", அதற்கு மேல் என்ன பேசுவது? சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் ஆறுதல் அதன் ஓரமாகத் தானே வரும்.

கோத்தே தேர்வின் அமைப்பே இதற்கு வழி விடுகிறது. பி1, பி2 இரண்டிலும் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நாலு பகுதி. பேச்சுத் தேர்வை வழக்கமாக இரண்டு பேராகச் சேர்ந்துதான் எழுத வைப்பார்கள், அதாவது பேச வைப்பார்கள். பி1இல் இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் திட்டமிட வேண்டும், பிறந்தநாள் விழா, நோயாளியைப் பார்க்கப் போவது என்று ஏதாவது. அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பேசி, மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். பி2இல் ஒரு சிறு உரை, அதன்பின் ஒரு விவாதம். கண்ணாடி முன்னால் நின்று தனியாக இதைப் பழக முடியாது. கூட ஒரு ஆள் கட்டாயம் தேவை.

எழுத்துக்குச் சனிக்கிழமை வைத்துக்கொண்டோம். பி2 எழுத்துத் தேர்வு 75 நிமிடம்: குறைந்தது 150 வார்த்தையில் ஒரு கருத்துப் பதிவு, 100 வார்த்தையில் ஒரு கடிதம். ஃபோனில் டைமர் வைத்துத் தாளில் எழுதி, படமெடுத்து அனுப்புவோம். திருத்துவதில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் குறிக்க வேண்டும். இந்த வாரம் வேற்றுமை என்றால் வேற்றுமை மட்டும். தொடக்கத்தில் ஒரு தோழி ஆர்வத்தில் என் கட்டுரையில் பதினான்கு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாள். மூன்று நாள் நான் டெலிகிராமைத் திறக்கவே இல்லை. அவள் மேல் தப்பில்லை, ஆனால் டூட்டி முடித்து வந்த உடம்புக்குப் பதினான்கு வட்டம் அதிகம்.

இப்போது ஏஐ செயலிகளே பிழை திருத்திக் கொடுத்துவிடுகின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். "நேத்து ஏன் வரல?" என்று அவை கேட்பதில்லை, அதுதான் குறை.

எங்களுக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி எண்கள்தான். ஜெர்மனில் 74 என்றால் 'நான்கும் எழுபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். 174 என்றால் நூறு, நான்கு, எழுபது. கடையில் தப்பினால் சில்லறை போகும், வார்டில் தப்பினால் என்ன ஆகும் என்று நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தினமும் ஒருத்தி பத்து அளவுகளை வாய்ஸ் மெசேஜில் சொல்வாள்: பிரஷர், சுகர், காய்ச்சல், நாடித்துடிப்பு. மற்றவர்கள் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஒரு நிமிட வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாம். எண்கள் கைவந்ததும் ஹேண்டோவருக்குப் போனோம். அங்கே அதற்கு 'யூபர்காபே' என்று பெயர். கற்பனையாக ஒரு நோயாளியை உருவாக்கி, டூட்டி மாறும்போது சொல்வதுபோல் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கற்பனை நோயாளிதான், கவனம். உங்கள் வார்டில் படுத்திருக்கிறவரின் பெயரையோ கேஸையோ எந்தக் குழுவிலும் போடக் கூடாது.

இந்தப் பயிற்சியில்தான், லைப்சிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு அக்கா ஒரு விஷயம் சொன்னார். பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் சுகரை நாம் எழுதுகிற மில்லிகிராம் கணக்கில் சொல்லாமல் மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். நம்முடைய 140 அங்கே 7.8. அதையும் புள்ளி என்று சொல்லாமல், கால்புள்ளி என்ற அர்த்தத்தில் 'ஏழு கோமா எட்டு' என்பார்கள். முதல் நாள் அவர் 'கோமா' என்று காதில் விழுந்ததும் பதறிவிட்டாராம்.

டூட்டி மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்ச வேலையையும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ஒரே ஒரு வாக்கியம்: "இன்று எனக்கு டூட்டி இப்படி இருந்தது" என்று ஜெர்மனில் ஒரு வரி. அதுகூட முடியாவிட்டால் ஒரு புள்ளி வைத்து அனுப்பலாம். உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். சில செயலிகள் 'தொடர்ந்து 50 நாள்' என்று எண்ணிக்கை காட்டும். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு அது ஆகாது. 51ஆம் நாள் அறுந்தால் மொத்தமும் அறுந்ததுபோல் தோன்றும். நாங்கள் வாரக் கணக்குதான் வைத்திருந்தோம்.

ஒருத்தி ஃபெயிலானால்

இது நடக்கும். நாலு பேரில் ஒருவருக்காவது நடக்கும், எங்களில் அது நான். பி2இல் வாசிப்பு 73, கேட்டல் 67, பேச்சு 78, எழுத்து 52. ஒவ்வொரு பகுதியிலும் 60 வேண்டும்.

அன்றைக்கு வந்த செய்திகளில் "கவலைப்படாதே, எல்லாம் நன்மைக்கே" என்று பெரிய குழுவில் வந்தது எதுவும் நினைவில் இல்லை. கோட்டயத்துக்காரி அனுப்பியது நினைவிருக்கிறது: "மூணு பாஸ். எழுத்து மட்டும்தானே? அடுத்த தேதி எப்போ? சனிக்கிழமை பேப்பர் அனுப்பு." மூன்று பகுதி என் கையில் இருக்கிறது, தவறிய ஒன்றை மட்டும் திரும்ப எழுதினால் போதும் என்பதே எனக்கு அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் முழுத் தேர்வும் போய்விட்டதுபோல் அழுதுகொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் தோழி தவறினால் முதலில் மதிப்பெண்ணைக் கேளுங்கள், அப்புறம் தேதியைக் கேளுங்கள். அழ வேண்டும் என்றால் அழட்டும், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். உடனே அறிவுரை வேண்டாம். நீங்கள் பாஸாகி அவர் தவறியிருந்தால், உங்கள் சான்றிதழ்ப் படத்தை நாலு பேர் குழுவில் இரண்டு நாள் கழித்துப் போடுங்கள். அதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

பொறாமை வரும். அதையும் மறைக்க வேண்டியதில்லை. "உனக்கு இன்டர்வியூ கிடைச்சதுல சந்தோஷம், எனக்கு வயிறும் எரியுது, ரெண்டு நாள் பேசலைன்னா கோச்சுக்காதே" என்று ஒருத்தி எனக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

அங்கே போய்விட்டவர்களிடம் கேட்கும்போது

முதலில் நேரம். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மதிய ஷிஃப்ட் முடித்து அவர் ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வரும்போது நமக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். அதனால் கூப்பிடாமல் எழுதுங்கள். "அக்கா, ஃபுல் ப்ராசஸ் சொல்லுங்க" என்பது கேள்வியே இல்லை. அதற்குப் பதில் சொல்ல ஒரு நாள் ஆகும். "பாடத்திட்டத்தை மொழிபெயர்த்து அனுப்பும்போது கல்லூரி முத்திரை எல்லாப் பக்கத்திலும் கேட்டார்களா?" என்று ஒன்றைக் கேட்டால் டீ குடிக்கிற நேரத்தில் பதில் போட்டுவிடுவார்.

இரண்டாவது, அவர் எந்த மாநிலம் என்று கேளுங்கள். ஜெர்மனியில் 16 மாநிலம். நம் நர்சிங் படிப்பை அங்கீகரிக்கிற அலுவலகம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நம் படிப்பில் எது குறைகிறது என்று அவர்கள் ஒரு கடிதம் கொடுப்பார்கள், 'டெஃபிட்சிட்பெஷைட்' என்று பெயர். அதை ஈடுகட்ட, ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு பயிற்சி முடிக்கலாம், அல்லது ஒரு திறன் தேர்வு எழுதலாம். பவேரியாவில் இருக்கிற அக்கா சொன்னது ஹெஸ்ஸனுக்குப் பொருந்தாமல் போகலாம். அவர் பொய் சொல்லவில்லை, ஊர் வேறு.

விதிமுறை விஷயத்தில் தோழிகளை நம்பி உட்காராதீர்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழி சொல்லவே ஜெர்மன் அரசு ஒரு சேவை மையம் வைத்திருக்கிறது, 'சென்ட்ராலே செர்வீஸ்டெல்லே பெரூஃப்ஸ்அனெர்கென்னுங்' என்று நீளமான பெயர். ஆலோசனைக்குக் காசு கிடையாது. அங்கே மின்னஞ்சல் போட்டு உறுதிசெய்துகொண்டு, வந்த பதிலைக் குழுவில் பகிருங்கள். உங்கள் மதிப்பும் கூடும்.

யாரை உடனே பிளாக் செய்வது

தேர்வு எழுதாமலே பி2 சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறவர்களை. கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும் என்கிறவர்களை. இந்த இரண்டு பேரும் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். போலிச் சான்றிதழோடு விசா அலுவலகத்தில் மாட்டினால் ஒன்றரை வருட உழைப்பு மட்டும் போகாது.

இன்னொரு வகை நைசானவர்கள். மூன்று வாரம் உங்களை ரொம்ப உற்சாகப்படுத்துவார். "உங்க ஜெர்மன் சூப்பர், நீங்க ஏன் இன்னும் லேட் பண்றீங்க?" நாலாவது வாரம் ஒரு கன்சல்டன்சி பெயர் வரும், ஐந்தாவது வாரம் முன்பணம் கேட்பார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் 1983ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஈ-மைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாடு அரசுக்கே 1978இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். பாஸ்போர்ட் படம், மதிப்பெண் பட்டியல், ஒரிஜினல் சான்றிதழ் எதையும் எந்தத் தோழிக்கும் அனுப்ப வேண்டாம். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பயிற்சி என்ற பெயரில் ராத்திரி வீடியோ காலுக்கு வற்புறுத்துகிற ஆண்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை, நமக்குத் தெரியாதா?

பி2 முடிந்த பிறகு

குழு கொஞ்சம் தளரும். ஒருத்தி இன்டர்வியூ, ஒருத்தி விசாவுக்குக் காத்திருப்பு, ஒருத்தி கல்யாணம். பயப்படாதீர்கள், ஆனால் அந்த 9.30 நேரத்தை வாரத்துக்கு ஒரு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் விமானம் ஏறிய பின்தான் அது திரும்பவும் தேவைப்படும். பாடத்தில் படித்த ஜெர்மன் ஒன்று, வார்டில் பாட்டிமார்கள் பேசுகிற வட்டார வழக்கு ஒன்று. முதல் மாதம் எனக்குப் பாதி புரியவில்லை. புரியாத வார்த்தையை டூட்டி முடிந்ததும் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதி அனுப்புவேன். யாராவது ஒருத்தி இன்னதென்று சொல்லிவிடுவாள்.

இப்போது நாங்கள் நாலு பேரில் மூன்று பேர் இங்கே ஜெர்மனியில், மூன்று வேறு ஊர்களில். நாலாமவளுக்கு அடுத்த மாதம் எழுத்துத் தேர்வு. சனிக்கிழமை அவள் பேப்பர் வரும். இந்த வாரம் வேற்றுமை மட்டும் பார்க்க வேண்டும்.